உறைந்த தேனும் விலகாத மனிதர்களும்

குலசேகரத்திலிருந்து:

அப்பா காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாற்பது தேன் பெட்டிகள் இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் தேனீக்களுக்குத் தாய் சேக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் வந்து, தேனீப் புழுக்கள் அடையின் அறைக்குள்ளேயே செத்தன. குமரி மாவட்டம் முழுக்கப் பெட்டிகள் காலியாயின. அப்பா அதோடு விட்டுவிட்டார். 2019-ல் எட்டுப் பெட்டியோடு நான் மறுபடி தொடங்கினேன்.

விற்பனைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தேன். கூடவே ரீல்ஸும் போட்டேன். தேன் ஒழுகும் சட்டத்தை வெயிலில் தூக்கிப் பிடித்த ஒரு ரீலை எழுபதாயிரம் பேர் பார்த்தார்கள். அதைப் பார்த்து வாங்கியவர்கள் நான்கு பேர். அடுத்த தடவை அவர்களும் வரவில்லை.

ஒரு மார்கழியில் நாகர்கோவில் அக்கா ஒருவர் குழுவில் படம் போட்டார். பாட்டில் அடியில் வெள்ளையாக, ரவை மாதிரி உறைந்திருந்தது. "தம்பி, சர்க்கரை கலந்துட்டீங்களா?" எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்குக் கை நடுங்கியது. அந்தப் படத்தை நீக்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் வீட்டில் நாங்கள் சாப்பிட வைத்திருந்த பாட்டிலைப் போய்ப் பார்த்தேன். அதுவும் உறைந்துதான் இருந்தது. அதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டுப் பேசினேன். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. பழைய இலை உதிர்ந்து புதுசு துளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரப்பதைத் தேனீ எடுக்கிறது. இந்தத் தேன் சீக்கிரம் உறையும். பாட்டிலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். இதையெல்லாம் சொன்னேன்.

அக்கா விடவில்லை. "அப்போ தேனீக்குச் சர்க்கரையே கொடுக்க மாட்டீங்களா?"

கொடுப்போம். ஆனி, ஆடி மழையில் தேன் கிடைக்காமல் தேனீக்கள் பட்டினி கிடக்கும். அப்போது சிரட்டையில், அதாவது கொட்டாங்குச்சியில், சர்க்கரைப் பாகு வைப்போம். ரப்பர் துளிர்ப்பதற்கு முன்பே நிறுத்திவிடுவோம், விற்கும் தேனில் அது சேராது. அப்படியே எழுதினேன். குழுவில் 112 பேர் இருந்தார்கள். அன்று இரவே 19 பேர் வெளியேறிவிட்டார்கள். எனக்குத் தூக்கமே இல்லை.

ஆனால் கேள்வி கேட்ட அக்கா போகவில்லை. அடுத்த மாசியில் தேன் எடுக்கிற அன்று, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். சின்னவன் பெட்டியில் காதை வைத்து அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே நின்றான். அவனை நகர்த்தவே முடியவில்லை. 2021 நவம்பர் மழையில் ஐந்து பெட்டிகள் சாய்ந்தபோது நான் யாரையும் கூப்பிடவில்லை. குழுவில் படம் மட்டும் போட்டேன். மறுநாள் காலையில் மூன்று பேர் பைக்கில் வந்து இறங்கினார்கள். அதில் ஒருவரை அதற்கு முன் நான் நேரில் பார்த்ததே இல்லை.

இப்போது ரீல்ஸ் போடுவது குறைந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு குரல் பதிவு அனுப்புகிறேன். நேரம் பிடிக்கத்தான் செய்கிறது.

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து:

படித்ததும் என் கதையையும் சொல்லத் தோன்றியது. 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்த பிறகு, எங்கள் ஊர்க் குழுவில் தினமும் சாயங்காலம் கடல் நிலவரத்தை வாசித்துப் பதிவு போடுகிறேன். கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸ் (INCOIS) வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பைப் பார்த்து, கள்ளக்கடல் (திடீரெனக் கரையேறும் பெரிய அலை) எச்சரிக்கை இருந்தால் அதையும் சேர்த்து, நம்ம பேச்சிலேயே சொல்லுவேன். வயதானவர்களுக்குப் படிப்பதைவிடக் கேட்பது எளிது.

ஒருநாள் தூத்துக்குடிப் பக்கத்து வரியை நம்ம கடலுக்கு என்று வாசித்துவிட்டேன். அலை பெரிசு என்று நம்பி வள்ளங்கள் போகவில்லை. மறுநாள் கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. ஒரு நாள் வருமானம் போச்சு. தப்பு என்னுடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். குழுவில் சொல்ல மனசு வரவில்லை. அதற்கடுத்த நாள் விடியற்காலையில் கடற்கரைக்கே போய், வலை உதறிக்கொண்டிருந்தவர்களிடம் நேரில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வயதில் மூத்த ஒருவர், வலையிலிருந்து சாளையைக் கழற்றிக்கொண்டே, "சரி மக்களே, இன்னைக்குச் சாயங்காலம் பார்த்து வாசி" என்றார்.

அன்றைக்கு இரண்டு தடவை சரிபார்த்துத்தான் வாசித்தேன். இன்றைக்கும் அப்படித்தான்.

குலசேகரத்திலிருந்து:

குளச்சல் அக்கா, மாசியில் தேன் எடுக்கும்போது நீங்களும் அவசியம் வாங்க. அந்தச் சிரட்டைகளையும் காட்டுகிறேன்.