இயற்பியல் படித்துவிட்டு அணு ஆயுதப் பரவல் தடுப்பு ஆராய்ச்சிக்குப் போகலாமா?

நிலாமுற்றம்:
முதுகலை இயற்பியல், கடைசி செமஸ்டர். ஆறு மாதமாக ஒரே பைத்தியம், அணு ஆயுதப் பரவல் தடுப்பு, ஆயுதக் கட்டுப்பாடு என்று கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். வழிகாட்டியிடம் சொன்னால் "அது அரசியல் படிக்கிறவர்கள் விஷயம், உனக்கெதற்கு" என்கிறார். அரசறிவியல் படிக்கும் தோழியைக் கேட்டால் "அதெல்லாம் விஞ்ஞானிகள் வேலை" என்கிறாள். சரி, கடைசியில் இது யாருடைய வேலைதான்? பிஎச்டி எதில் செய்வது? இந்தத் துறையில் முப்பது வருடம் இருந்தவர் காலையில் வந்து உட்கார்ந்தால் மேஜையில் என்ன இருக்கும்? எங்கே தேடினாலும் மாநாட்டுப் போட்டோதான் வருகிறது.

அரைஆயுள்:
மேஜையில் கணக்குப் புத்தகம் இருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் பதினோரு வருடமாகப் பார்ப்பது அணுப்பொருள் கணக்குதான். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மிச்சம் எங்கே.

வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமை ஓர் அளவு வைத்திருக்கிறது: புளூட்டோனியம் என்றால் 8 கிலோ, உயர் செறிவு யுரேனியம் (குண்டுக்கு உதவும் யுரேனியம்-235 வகையின் பங்கைக் கூட்டியது) என்றால் அதிலுள்ள யுரேனியம்-235 மட்டும் 25 கிலோ. அந்த அளவு காணாமல் போனால் ஒரு குண்டு செய்திருக்க வாய்ப்புண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். இப்போது ஜப்பானின் டோக்காய் புளூட்டோனிய எரிபொருள் ஆலையைப் பாருங்கள். 1994ல் அங்கே சுமார் 70 கிலோ புளூட்டோனியம் இயந்திரங்களுக்குள்ளேயே தங்கிப்போயிருந்தது தெரியவந்தது. யாரும் திருடவில்லை, கையுறைப் பெட்டிகளில் (வெளியிலிருந்து கையுறை வழியாகக் கைவிட்டு வேலை செய்யும் மூடிய பெட்டிகள்) தூளாக ஒட்டிக்கொண்டு கிடந்தது, அவ்வளவுதான். ஆனால் "ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்று ஆலைக்காரர் சொன்னால் போதுமா? பெட்டியைத் திறக்காமல் வெளியே நின்று, புளூட்டோனியம் வெளியிடும் நியூட்ரானை எண்ணி உள்ளே எவ்வளவு என்று சொல்ல வேண்டும். இது உங்கள் பாடம். இதே ஜப்பானாக இல்லாமல் வேறு நாடாக இருந்திருந்தால் உலகம் இவ்வளவு பொறுமையாக இருந்திருக்குமா என்பது உங்கள் தோழியின் பாடம். உங்கள் வழிகாட்டியும் தோழியும் வேலையைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் :)

ஓரப்பார்வை:
முழு வாழ்க்கையாகப் பார்க்க ஆசை என்றால் தாமஸ் நெஃப் என்பவரைத் தேடுங்கள். இயற்பியல் படித்தவர், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு வருடக்கணக்காக யுரேனியச் சந்தையை ஆராய்ந்தவர், எந்தச் சுரங்கம், என்ன விலை, யார் யாருக்கு விற்கிறார்கள் என்று. கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும் விஷயம். சோவியத் ஒன்றியம் உடைந்துகொண்டிருந்த 1991 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார்: அவர்களுடைய அணுகுண்டு யுரேனியத்தின் செறிவைக் குறைத்து மின் உலைக்கு எரிபொருளாக அமெரிக்காவே வாங்கிக்கொள்ளட்டும். 1993ல் இரு நாடுகளும் கையெழுத்துப் போட்டன. 2013ல் முடியும்போது 500 டன் உயர் செறிவு யுரேனியம் எரிபொருளாக மாறியிருந்தது. ஒரு காலத்தில் அமெரிக்க மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய அதிலிருந்து வந்தது. சந்தை விலை தெரியாத ஒரு நிபுணருக்கு இந்த யோசனை வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் படிப்புக்கு இன்னும் நெருக்கமாக ஒன்று. 1989 ஜூலையில் யால்டாவுக்கு அருகே கருங்கடலில், ஸ்லாவா என்ற சோவியத் போர்க்கப்பல் மேல்தளத்தில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஏறி, ஏவுகணைக் குழாயின் மேல் ஜெர்மேனியம் டிடெக்டரை (காமா கதிரின் ஆற்றலை அளக்கும் கருவி) வைத்து, உள்ளே அணுகுண்டு இருப்பதை காமா கதிரை வைத்தே காட்டினார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஃபிராங்க் வான் ஹிப்பலும் அதில் இருந்தார். இரண்டு பக்க ராணுவங்களுக்கும் பிடிக்காத வேலை, விஞ்ஞானிகள் தங்களுக்குள் பேசிப்பேசி நடத்திக் காட்டியது.

மூன்றாம்வாசல்:
எல்லாரும் தேன் தடவுகிறார்கள், நான் கொஞ்சம் வேப்பெண்ணெய் ஊற்றுகிறேன். வேலைகள் குறைவு. பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தம், அப்புறம் அடுத்த நிதிக்கு விண்ணப்பம். இந்தத் துறைக்குப் பெரிய அளவில் பணம் கொடுத்துவந்த மக்ஆர்தர் அறக்கட்டளையே விலகப்போவதாக 2021ல் அறிவித்துவிட்டது. நான் இருந்த ஆய்வு மையத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு வெள்ளிக்கிழமை மாலை மின்னஞ்சல் வந்தது, மூன்று பேருடைய பதவி இல்லை என்று, அதில் ஒன்று என்னுடையது. ஒப்பந்தங்களின் நிலையும் அப்படித்தான். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மறுஆய்வு மாநாடு 2015லும் 2022லும் இறுதி அறிக்கை இல்லாமலே கலைந்தது. அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம் 1996ல் கையெழுத்துக்கு வந்தது, இன்னும் அமலுக்கு வரவில்லை, ரஷ்யா 2023ல் ஒப்புதலையே திரும்பப் பெற்றுவிட்டது. அதனால் வெளியிலும் விலைபோகிற ஒரு திறமை கையில் இருக்கட்டும், செயற்கைக்கோள் படம் படிப்பது மாதிரி. கூடவே ரஷ்யனோ கொரியனோ பாரசீகமோ ஒரு மொழி. நான் மொழியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், இன்றைக்கும் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடுகிறேன்.

அரைஆயுள்:
@மூன்றாம்வாசல் பணம் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்றில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். சோதனைத் தடை ஒப்பந்தம் அமலில் இல்லையே தவிர அதன் கண்காணிப்பு நிலையங்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2006ல் வட கொரியாவின் முதல் சோதனை ஒரு கிலோடன்கூட (ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தின் சக்தி) இல்லை, அதையே இருபதுக்கு மேற்பட்ட நில அதிர்வு நிலையங்கள் பிடித்துவிட்டன. அப்போது அந்த அமைப்பு பாதிதான் கட்டி முடிந்திருந்தது.

நிலாமுற்றம், பிஎச்டி இயற்பியலிலேயே செய்யுங்கள், அளவிடுவது தொடர்பாக ஏதாவது. ஒப்பந்தம் படிக்க அப்புறமும் நேரம் உண்டு, ஸ்பெக்ட்ரம் (டிடெக்டர் தரும் கதிர் ஆற்றல் வரைபடம்) படிக்க நாற்பது வயதில் யாரும் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார்கள்.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் நன்றி. வேப்பெண்ணெய்க்கும் சேர்த்து. அந்தக் கப்பல் கதையைப் படித்ததும் நேரே எங்கள் ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தேன், ஒரு ஜெர்மேனியம் டிடெக்டர் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது, கடைசியாக யார் தொட்டார்கள் என்று பதிவேட்டிலும் இல்லை. அதைக் குளிரவைக்கத் திங்கட்கிழமை திரவ நைட்ரஜன் வருகிறது. வழிகாட்டியிடம் புராஜெக்ட் என்று மட்டும் சொல்லப்போகிறேன்.