வியன்னா இசைநாடக டிவிடி: பாட்டு கேட்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை

கேள்வி: திருநகர் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 78 வயது. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். இப்போது முழங்கால் வலியால் வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. ஐரோப்பாவில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்கேயும் பாட்டும் வசனமும் மாறி மாறி வரும் நாடகம் உண்டு என்று சொல்லி, ஜொஹான் ஸ்ட்ராஸ் இசையமைத்த 'டி ஃப்ளேடர்மவுஸ்' என்ற ஓப்பரெட்டாவின் டிவிடியை அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான். 'வௌவால்' என்பது அந்தப் பெயரின் பொருள். மேடையில் பார்வையாளர் முன்னால் நடந்ததை அப்படியே படம்பிடித்த பதிவு இது.

எங்கள் வீட்டில் பழைய டிவிடி பிளேயர் ஒன்றும், அதோடு ஆறு கம்பிகளால் இணைத்த 5.1 ஹோம் தியேட்டர் செட் ஒன்றும் இருக்கின்றன. வட்டு தடையின்றி ஓடுகிறது. வாத்திய இசை அருமையாகக் கேட்கிறது. ஆனால் பாட்டு முடிந்து பேச்சு தொடங்கியதும் சத்தம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஒலியை முழுக்கக் கூட்டினால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முணுமுணுப்பதுபோல் கேட்கிறது. அதே அளவில் அடுத்த பாட்டு தொடங்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. மூன்றாம் அங்கத்தில் சிறைக்கூடத்துக் காட்சி ஒன்று வருகிறது. அறைக்குள் அடைபட்டு, கண்ணுக்குத் தெரியாமல் பாடுகிறவனுடைய குரல் நன்றாகக் கேட்கிறது. மேடையின் நடுவில் நின்று பேசும் சிறைக்காவலனுக்கோ வாய் மட்டும்தான் அசைகிறது.

கேபிள் டிவி பார்க்கும்போது இந்தக் குறை சிறிதும் இல்லை. பதிவே இப்படித்தானா, எங்கள் கருவியில் பழுதா என்று தெரியவில்லை. ஜெர்மன் மொழி எங்களுக்குப் புரியாதுதான். ஆனாலும் பேசுகிறவரின் குரல் ஏறி இறங்குவதைக் கேட்க வேண்டும் என்கிறார் அப்பா. வசனம் கேட்காத நாடகத்தை நாடகம் என்று அவரால் ஏற்க முடியவில்லை. தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பசுமலை ஆசிரியை

அம்மா, எங்கள் வீட்டில் இதே போன்ற தொல்லை இருந்தபோது டிவியின் ஒலி அமைப்பில் 'தெளிவான குரல்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தவுடன் சரியாகிவிட்டது. அதை முதலில் முயன்று பாருங்கள். படத்தின் அடியில் எழுத்து வருகிறதா என்பதையும் தெரிவியுங்கள்.

திருநகர் மகள்

நன்றி டீச்சர். ஒலி டிவி வழியாக வரவில்லை. பிளேயரிலிருந்து நேராக ஹோம் தியேட்டருக்குப் போகிறது. ஆகவே டிவியில் எதை மாற்றினாலும் வேறுபாடு தெரியவில்லை. ஆங்கில எழுத்து அடியில் வருகிறது. ஆனால் அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லி வருகிறேன்.

அப்பா இன்று இன்னொன்றும் சொன்னார். பாடுகிறவர்கள் வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் நின்று பாடுவதுபோல் கேட்கிறதாம்.

பதில்: கீழவாசல் பழுதுபார்ப்பவர்

சகோதரி, உங்கள் தந்தையாரின் காது பழுதைச் சரியாகப் பிடித்துவிட்டது. உங்கள் செட்டில் நடு ஸ்பீக்கர், அதாவது சென்டர் ஸ்பீக்கர், வேலை செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

5.1 ஒலியில் ஆறு தனித்தனிப் பாதைகள் உள்ளன: முன்னால் இடது, வலது, நடு, பின்னால் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கு ஒன்று. வாத்தியங்களையும் அரங்கின் எதிரொலியையும் இடம் வலமாகப் பரப்பி, பேசுகிறவரின் குரலைப் பெரும்பாலும் நடுப்பாதையில் வைப்பது வழக்கம். அந்த ஒரு பாதை அறுந்தால் பேச்சு போய்விடும். வாத்தியம் குறையில்லாமல் கேட்கும். பாட்டுக் குரல் பக்கவாட்டு மைக்குகளில் விழுந்த அளவுக்கு மட்டும் வந்து, பின்வாங்கியதுபோல் தோன்றும். கேபிள் டிவியின் ஒலி இரண்டு பாதைகளிலேயே உங்கள் செட்டுக்கு வருவதால் அங்கே இந்தக் குறை தெரிய வாய்ப்பில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகி, யார் கவனத்துக்கும் வராமல் இருந்திருக்கக்கூடும்.

முதலில் எளிய சோதனை. பெரும்பாலான இசைநாடக டிவிடிகளில் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு ஒலித்தடங்கள் இருக்கும்; ஒன்று 5.1, மற்றொன்று பிசிஎம் ஸ்டீரியோ. ரிமோட்டில் 'ஆடியோ' என்ற பட்டனை அழுத்தி ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். வசனம் உடனே திரும்பி வந்தால் என் கணிப்பு சரி.

அடுத்தது கம்பிச் சோதனை. செட்டை அணைத்துவிட்டு, ஆம்பிளிஃபையரின் பின்புறத்தில் முன் இடதுக்கான பின்னை எடுத்து, சென்டர் என்று எழுதியுள்ள துளையில் செருகுங்கள். பிறகு ஒலியைக் குறைவாக வைத்து வட்டை ஓட்டுங்கள். நடு ஸ்பீக்கரில் இசை வந்தால் ஸ்பீக்கரும் ஆம்பிளிஃபையரும் நலம். பிளேயரிலிருந்து வரும் சென்டர் கம்பியிலோ, பிளேயரின் துளையிலோதான் பழுது. வராவிட்டால் ஆம்பிளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே தேட வேண்டும்.

பதில்: சோழவந்தான் நாடக ரசிகர்

பழுதைப் பற்றிப் பழுதுபார்ப்பவர் ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. வசனம் கேட்டே ஆக வேண்டும் என்று உங்கள் தந்தையார் சொல்வது எவ்வளவு சரி என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

ஓப்பராவில் பெரும்பாலும் முழுவதும் பாட்டாகவே நடக்கும். ஓப்பரெட்டா அப்படியன்று, பேச்சிலே கதை நகரும், உணர்ச்சி பொங்கும் இடத்தில் பாட்டு எழும். பாரிஸில் 1858-இல் இசையமைப்பாளர் ஓஃபன்பாக் அரங்கேற்றிய 'ஆர்ஃபே ஓஸான்ஃபேர்' இந்த வகைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. நீங்கள் பார்க்கும் 'வௌவால்' 1874 ஏப்ரல் 5 அன்று வியன்னாவில் 'தியேட்டர் ஆன் டெர் வீன்' அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. ஆண்டின் கடைசி நாளில் இதை மேடையேற்றுவது வியன்னாவில் இன்றும் மரபு.

மூன்றாம் அங்கத்தில் வருகிற அந்தச் சிறைக்காவலனின் பெயர் ஃப்ரோஷ். அவன் ஒரு வரிகூடப் பாடுவதில்லை. அந்த வேடம் முழுவதும் வசனம்தான். பாடகர்களுக்கு நடுவே அதை ஒரு நகைச்சுவை நடிகருக்குக் கொடுப்பார்கள். அவரும் அந்த ஊர்ச் செய்தியையும் அந்தக் காலத்து அரசியலையும் தன் போக்கில் சேர்த்துப் பேசுவார். நம் ஊர் பபூன் திருவிழாக் கமிட்டியையும் அந்த ஆண்டு மழையையும் பேச்சில் இழுத்துக்கொள்வதில்லையா, அதே கலைதான். குடிபோதையில் தள்ளாடும் அவனும், உள்ளே அடைபட்டுப் பாடிக்கொண்டேயிருக்கும் ஆல்ஃபிரெடும் மாறி மாறி மோதுவதில்தான் அந்தக் காட்சியின் சிரிப்பு இருக்கிறது. உங்களுக்குப் பாட்டு மட்டும் கேட்டிருக்கிறது. பாதிச் சிரிப்பு அறுந்த கம்பியிலேயே நின்றுவிட்டது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையில் நாடகக் குழு அமைத்துப் பாட்டையும் உரையாடலையும் பின்னித் தந்த மரபில் வாசித்தவர் உங்கள் தந்தையார். இந்த நாடகத்தின் நடையை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாம் அங்கத்தில் விருந்து கொடுக்கும் ரஷ்ய இளவரசன் ஓர்லோஃப்ஸ்கியாக வழக்கமாகப் பெண் பாடகியே நடிப்பார். கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் திரைப்படத்தில் நந்தனாராக நடித்ததை அறிந்தவருக்கு இது வியப்பாக இராது.

திருநகர் மகள்

ஐயா, இரண்டு சோதனைகளையும் இன்று மாலை செய்தேன்.

ஸ்டீரியோ தடத்துக்கு மாற்றியதும் வசனம் வந்துவிட்டது. அடுப்படியில் இருந்த அம்மாகூட யார் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பின்னை மாற்றிச் செருகியபோது நடு ஸ்பீக்கரிலிருந்து இசை வந்தது. பிறகு அலமாரியை நகர்த்திப் பார்த்தால், ஆறு கம்பிகளில் ஒன்றை மட்டும் எலி கடித்திருக்கிறது. மேல் உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு இழை இரண்டாகப் பிரிந்து பச்சை பூத்துக் கிடந்தது. அப்பா அதை விரல் நுனியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் ஒரு குறை. ஸ்டீரியோ தடத்திலும் பாட்டோடு ஒப்பிட்டால் பேச்சு சற்றுத் தாழ்ந்தே இருக்கிறது. மேலும், நடனக் காட்சியில் ஆட்கள் நகரும்போது படம் விட்டு விட்டு இழுப்பதுபோல் இருக்கிறது. எல்லோரும் கொஞ்சம் பருத்தும் தெரிகிறார்கள்.

பதில்: கீழவாசல் பழுதுபார்ப்பவர்

கம்பியை ஒட்டுப்போட வேண்டாம். செம்பு பச்சை பூத்திருந்தால் சால்டர் சரியாகப் பிடிக்காது. டவுன்ஹால் ரோட்டில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் ஒற்றை ஆர்சிஏ கம்பி கிடைக்கும். அலமாரியிலிருந்து பிளேயர் வரை அளந்துகொண்டு, அரை மீட்டர் கூடுதலாக வாங்குங்கள்.

பேச்சு தாழ்ந்து கேட்பதில் ஒரு பகுதி இயல்பானது. நம் கிராம நாடகத்தில் நடிகர் மைக்குக்கு நேராக வந்து நின்று பேசுவார். அங்கே ஓப்பரெட்டாப் பாடகர்கள் பெரும்பாலும் ஒலிபெருக்கி இல்லாமல் அரங்கின் கடைசி வரிசை வரை குரலை எட்டவைப்பவர்கள். அவர்கள் மேடையில் நடந்தபடி பேசுவதைப் பதிவு செய்யும்போது வாத்தியக் குழுவின் முழு ஒலிக்கும் தனிப் பேச்சுக்கும் உள்ள இடைவெளியை அப்படியே விட்டுவிடுவார்கள். வீட்டில் அந்த இடைவெளி அதிகம். புதுக்கம்பி போட்டபின் மறுபடியும் 5.1 தடத்துக்கே வந்து, ஆம்பிளிஃபையரில் சென்டர் ஒலியை மட்டும் இரண்டு அல்லது மூன்று படி கூட்டுங்கள். ஸ்டீரியோ தடத்தில் பேச்சைத் தனியாகக் கூட்ட வழி கிடையாது, 5.1 தடத்தில் உண்டு. பிளேயரின் ஒலி அமைப்பில் டிஆர்சி என்று ஒன்று இருந்தால் அதையும் பாதி அளவில் வையுங்கள். அது டால்பி தடத்தில், அதாவது 5.1 தடத்தில், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கும், பிசிஎம் தடத்தில் பயன் தராது.

படம் இழுப்பதற்குக் காரணம் வேறு. ஐரோப்பிய வட்டு பால் (PAL) என்ற வீடியோ முறையில், நொடிக்கு 25 படங்களாகப் பதிவாகியிருக்கும். உங்கள் பிளேயர் என்டிஎஸ்சி (NTSC) என்ற மற்றொரு முறையில் வைக்கப்பட்டிருந்தால் அதை 30 ஆக மாற்றுவதற்குச் சில படங்களை இருமுறை காட்டும், அசைவு தடுமாறும். வீடியோ அமைப்பில் பால் அல்லது ஆட்டோ என்று மாற்றுங்கள். ஆட்கள் பருத்துத் தெரிவது, 4:3 பதிவை டிவி 16:9 ஆக இழுப்பதால். டிவி ரிமோட்டில் பட அளவை 4:3 ஆக்குங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், அதுவே சரியான படம்.

பதில்: பசுமலை ஆசிரியை

நிறுத்தி நிறுத்திச் சொல்வதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. டிவிடி டிரைவ் உள்ள மடிக்கணினி இருந்தால் வட்டை அதில் போட்டு, விஎல்சி மென்பொருளில் ஓட்டி, எச்டிஎம்ஐ கம்பியால் டிவிக்குக் கொடுக்கலாம். பின்னர் தமிழ் வசனத்தை நீங்களே நோட்பேடில் தட்டச்சு செய்து, எஸ்ஆர்டி (.srt) என்ற சப்டைட்டில் கோப்பாக, தமிழ் எழுத்து சிதையாத யுடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில் சேமித்து, சப்டைட்டில் மெனு வழியாகச் சேர்த்துவிடலாம். எழுத்துரு நிர்மலா யுஐ என்று இருக்கட்டும். பழைய பதிப்பு விஎல்சியில் கொம்பும் காலும் இடம் மாறி விழும், 3.0-க்கு மேற்பட்ட பதிப்பில் அந்தக் குறை இல்லை. எழுத்து முந்தியோ பிந்தியோ வந்தால் ஜி, எச் விசைகளால் நகர்த்தலாம். வட்டில் அங்கங்கள் தனித்தனி டைட்டில்களாக இருந்தால் கடிகாரம் ஒவ்வொன்றிலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே அங்கத்துக்கு ஒரு கோப்பாக எழுதுங்கள்.

ஒருமுறைக்கு இரண்டு வரிக்கு மேல் போடாதீர்கள். என் மாமியாருக்கு இப்படிச் செய்தபோது, முழு வாக்கியத்தையும் எழுதி, அவர் படித்து முடிப்பதற்குள் நடிகரின் முகபாவம் போய்விட்டது. வயதானவர்களுக்குச் சுருங்கச் சொல்லி, கண்ணை மேடைக்குத் திரும்பவிடுவதே நல்லது.

திருநகர் மகள்

தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும்.

புதுக்கம்பி போட்டாகிவிட்டது. சென்டரை மூன்று படி கூட்டி, டிஆர்சியைப் பாதியில் வைத்திருக்கிறேன். பிளேயர் உண்மையிலேயே என்டிஎஸ்சியில்தான் இருந்தது. பாலுக்கு மாற்றியதும் நடனம் ஒழுங்காக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் அங்கத்திலிருந்து கடைசி வரை ஒரே இருப்பில் பார்த்தோம். ஃப்ரோஷ் பேசத் தொடங்கியதும் அப்பா கையை உயர்த்தி என்னைப் பேசாதே என்றார். ஒரு வார்த்தைகூடப் புரியாமலே, அவன் எந்த இடத்தில் மூச்சை நிறுத்துவான், எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும் என்பதை இரண்டு மூன்று முறை முன்னதாகவே விரலால் காட்டினார். வசனம் நடக்கும்போது துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பின்வரிசைக்காரர் சத்தம் போடுவார் என்று தன் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததையும், அங்கே வாத்தியக்காரர்களும் அதேபோல் கையைக் கட்டிக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் எனக்குக் காட்டினார்.

டீச்சர் சொன்னபடி மூன்றாம் அங்கத்துக்கு மட்டும் தமிழ் வரிகள் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆங்கிலத்தில் வரும் எழுத்து சில இடங்களில் சுருக்கமாக இருக்கிறது; நடிகர் நீளமாகப் பேசுகிறார். அந்த இடங்களைக் காலியாகவே விட்டுவிடு, குரலே போதும் என்கிறார் அப்பா. இதுவரை 64 வரிகள் முடிந்திருக்கின்றன. ஆறு கம்பிகளையும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுச் சுவரோடு ஆணி அடித்துவிட்டேன். இனி எலிக்கு எட்டாது.