ஜோ தாமஸ்: 11 சீசன், ஒரே அணி. பெருமையா, வீணா?

ஏரிக்கரை:
அமெரிக்கக் கால்பந்து டிராஃப்ட் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) பற்றிய இழையில் கணக்குப்பிள்ளை ஒரு வரி போட்டுவிட்டுப் போனார்: "ஜோ தாமஸ் மாதிரி தன் திறமையைக் கிளீவ்லாந்தில் கொண்டுபோய்க் கொட்டியவர் வேறு யாரும் இல்லை." அங்கே பதில் எழுதினால் பேச்சு திசை மாறிவிடும், அதனால் தனி இழை.

ஆட்டம் அதிகம் பார்க்காதவர்களுக்கு: தாமஸ், என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கு லெஃப்ட் டாக்கிளாக ஆடியவர். குவார்ட்டர்பேக் பந்தை வீசத் தயாராகும்போது அவர் முதுகுப் பக்கம் பாய்ந்து வருபவனை மறிக்கும் வேலை. 2007 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக எடுத்தார்கள். மற்றவர்கள் கோட்டு சூட்டோடு நியூயார்க் மேடையில் காத்திருந்த அன்று, இவர் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். ஆடிய முதல் 10 சீசனிலும் நட்சத்திர ஆட்டமான புரோ பௌலுக்குத் தேர்வானார். 2007-ல் முதல் ஆட்டம் தொடங்கி 2017 அக்டோபர் 22 வரை, ஒரு ஸ்நாப் (பந்தைக் கைமாற்றித் தொடங்கும் ஒவ்வொரு நகர்வும்) கூட விடாமல், தொடர்ந்து 10,363 ஸ்நாப். ஸ்நாப் கணக்கு எடுக்க ஆரம்பித்த 1999-லிருந்து இப்படி ஒரு பதிவு வேறு இல்லை. டென்னசிக்கு எதிரான ஆட்டத்தில் இடது கையின் ட்ரைசெப்ஸ் கிழிந்துதான் நின்றது. இதை வீண் என்றால் எதைத்தான் பயன் என்பீர்கள்?

கணக்குப்பிள்ளை:
48 வெற்றி, 119 தோல்வி. அவர் ஆடிய 167 ஆட்டங்களில் அணியின் கணக்கு அது. முதல் வருடம் 10-6, அப்படியும் பிளேஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்-அவுட் சுற்று) கிடைக்கவில்லை. அதன் பிறகு ஒரு சீசனில்கூட வெற்றி தோல்வியைத் தாண்டவில்லை. 2016-ல் 1-15. 2017-ல் அணி 0-16, அவர் அதில் ஏழு ஆட்டத்தோடு தப்பித்தார்.

ஆறு தலைமைப் பயிற்சியாளர்கள். 20 குவார்ட்டர்பேக்குகள். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: ஃபிரை, ஆண்டர்சன், குவின், டோர்சி, கிராட்கவ்ஸ்கி, டெலோம், வாலஸ், மெக்காய், வீடன், லூயிஸ், ஹோயர், கேம்ப்பெல், மேன்ஸெல், ஷா, மெக்கவுன், டேவிஸ், கிரிஃபின், கெஸ்லர், கைசர், ஹோகன். இதில் எத்தனை பேருடைய முதுகைக் காப்பாற்றி என்ன ஆயிற்று?

அவர் நல்ல ஆட்டக்காரர் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. பூட்டு அருமையான பூட்டுதான். வீட்டுக்குள் எடுத்துப்போக ஒன்றும் இல்லை, அவ்வளவே.

புதுசு:
மன்னிக்கவும், நடுவில் ஒரு சந்தேகம். 11 வருடம் ஆடி ஒரு பாயிண்ட் கூட எடுக்காதவரை எப்படி மிகச்சிறந்தவர் என்கிறீர்கள்? எதை வைத்து அளப்பது? ஸ்கோர் அட்டையில் பெயரே வராதே.

மூன்றாம் டவுன்:
புதுசு தம்பி, அதுதான் இந்த வேலையின் சாபம். லைன்மேனுக்கு, அதாவது முன்வரிசையில் நின்று மறிப்பவனுக்கு, என்.எஃப்.எல்.-ல் அதிகாரபூர்வமாக எண்ணுவதற்கு உருப்படியாக எதுவும் கிடையாது. ஓடுபவனுக்கு கெஜம், வீசுபவனுக்கு டச்டவுன். இவனுக்குத் தப்பு செய்தால்தான் நடுவர் மைக்கில் எண்ணைச் சொல்லிக் கொடி வீசுவார். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? தேர் கட்டுமீறினால்தான் ஆளைத் தேடுவார்கள்.

நான் பள்ளியில் இரண்டு வருடம் கார்டாக (டாக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கும் லைன்மேன்) ஆடியவன், அதனால் கொஞ்சம் சொல்ல முடியும். லெஃப்ட் டாக்கிள் பின்னோக்கியே நகர வேண்டும். இடது காலைப் பின்னால் உதைத்து, வலது காலை இழுத்து, இடுப்பைத் தாழ்த்தி வைத்து, கையை எதிராளியின் மார்புக்குள் சரியான நேரத்தில் கொடுக்க வேண்டும். அரை நொடி முன்னால் கொடுத்தால் அவன் கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். அரை நொடி தாமதித்தால் நம் நெஞ்சில் அவன் கை. எதிரில் வருபவன் நேராக ஓடுகிறான், நாம் நண்டு மாதிரிப் பின்னால் போகிறோம். 140 கிலோ உடம்போடு.

தாமஸிடம் நான் பார்த்தது அந்தக் கால்கள். அவசரமே இருக்காது. ஒரே பிரிவு என்பதால் பிட்ஸ்பர்கின் ஜேம்ஸ் ஹாரிசன், பால்டிமோரின் டெரல் சக்ஸ் இருவரையும் வருடத்துக்கு இரண்டு தடவை சமாளிக்க வேண்டும். ஹாரிசன் 2008-லும் சக்ஸ் 2011-லும் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள். விஸ்கான்சின் பல்கலையில் தாமஸ் தடகளத்தில் குண்டு எறிதலிலும் இருந்தவர், அந்தச் சமநிலை அங்கே வந்ததோ என்னவோ.

புதுசு, ஏதாவது ஒரு பழைய பிரவுன்ஸ் ஆட்டம் போடு. பந்தைப் பார்க்காதே. 73-ஆம் எண்ணை மட்டும் பார்.

கணக்குப்பிள்ளை:
> அந்தக் கால்கள்

கால்கள் சரி. நான் கேட்பது தலையைப் பற்றி, அதாவது எடுத்த முடிவைப் பற்றி.

2011-ல் 7 ஆண்டு, 8.4 கோடி டாலர் வரையிலான நீட்டிப்புக்கு அவரே கையெழுத்துப் போட்டார். யாரும் கட்டிப்போடவில்லை. 2015 சீசன் நடுவில் டென்வர் அவரைக் கேட்டது, கடைசி நேரத்தில் பேச்சு முறிந்தது என்று அப்போது எல்லா இடத்திலும் செய்தி. அந்த சீசனில் டென்வர் சூப்பர் பௌல் (லீக்கின் இறுதி ஆட்டம்) வென்றது. என்னை விற்றுவிடுங்கள் என்று ஒரு தடவை உரக்கச் சொல்லியிருந்தால்?

எதிர் உதாரணம் ஆண்ட்ரூ விட்வொர்த். அவரும் லெஃப்ட் டாக்கிள், ஓஹாயோவில்தான், சின்சினாட்டியில் 11 சீசன். ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2017-ல் 35 வயதில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போனார். 2022 பிப்ரவரியில், 40 வயதில், 23-20 என்று சூப்பர் பௌல் வென்றார். யாரை வென்று? அதே சின்சினாட்டியை! அதோடு ஓய்வு. வேலையை முடித்துவிட்டுப் போவது என்றால் அது.

ஏரிக்கரை:
விட்வொர்த் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது, வேறு இடத்தில் நல்ல விலை கிடைத்தது, போனார். அதை வீரக்கதை ஆக்கிவிட்டு இருந்தவரை ஏமாளி ஆக்காதீர்கள்.

இந்த ஊர் தெரிந்தால் இப்படிப் பேச மாட்டீர்கள். 1995 சீசனோடு உரிமையாளர் ஆர்ட் மோடெல் அணியை அப்படியே பால்டிமோருக்குக் கொண்டுபோனார். மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை மைதானம் காலி. 1999-ல் பெயரும் நிறமும் திரும்பி வந்தன, ஆட்டம் வரவில்லை. யார் வந்தாலும் இரண்டு வருடத்தில் போய்விடுவார்கள் என்று பழகிப்போன ஊரில் ஒருவர் 11 வருடம் இருந்தார். என் பக்கத்து வீட்டுப் பெரியவர் குவார்ட்டர்பேக் பெயர் போட்ட சட்டை வாங்குவதையே நிறுத்திவிட்டார். 73 மட்டும் வைத்திருக்கிறார். "இதுதான் காலாவதி ஆகாது" என்பார்.

2023-ல் தகுதி பெற்ற முதல் வருடமே ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மன்றத்தில் தாமஸுக்கு இடம். விழா நடந்த கேன்டன் இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். அந்த வார முன்னோட்ட ஆட்டத்தில் பிரவுன்ஸ் நியூயார்க் ஜெட்ஸ் அணியை வேறு ஜெயித்தது. ஆமாம், ஓய்வு பெற்ற பிறகுதான் ஜெயிக்கிறோம், தெரியும், நீங்கள் எழுதுவதற்குள் நானே எழுதிவிட்டேன்.

மருந்துப்பெட்டி:
இரண்டு பேரும் மோதிரம் (சூப்பர் பௌல் வென்றால் கிடைப்பது), சட்டை என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 10,363 என்ற எண்ணை ஏதோ கோவிலைச் சுற்றிய கணக்கு மாதிரிச் சொல்வது எனக்கு ஒட்டவே இல்லை. அதில் பெரும்பாலானவை மோதல். லைன்மேன் வாங்குவது டிவியில் திரும்பத் திரும்பக் காட்டும் பெரிய அடி இல்லை. ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஒன்று.

பிட்ஸ்பர்க்கின் சென்டர் (முன்வரிசை நடுவில் நிற்கும் லைன்மேன்) மைக் வெப்ஸ்டர் நான்கு சூப்பர் பௌல் வென்றவர். 2002-ல் 50 வயதில் இறந்தார். டாக்டர் பென்னட் ஒமலு அவர் மூளையைப் பரிசோதித்துத்தான் சி.டி.இ. (தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு) பேச்சே இந்த ஆட்டத்தில் தொடங்கியது. கணக்குப்பிள்ளை சார், நான்கு மோதிரம். உங்கள் கணக்கில் அவர் வெற்றி பெற்றவரா?

ஜான் அர்ஷெல் பால்டிமோரில் கார்டாக இருந்தார். 2017 ஜூலையில் என்.எஃப்.எல். வீரர்களின் 111 மூளைகளில் 110-ல் சி.டி.இ. என்ற ஆய்வு வெளிவந்தது. இரண்டே நாளில், 26 வயதில், ஓய்வு. எம்.ஐ.டி.யில் கணித முனைவர் பட்டம் முடித்தார். தாமஸே அதே வருடம் ஒரு பேட்டியில் தனக்கு மறதி வருவதைப் பற்றிப் பேசினார். விடுப்பே எடுக்காத ஊழியரைப் பார்த்தால் எனக்குக் கைதட்டத் தோன்றாது, ஏன் எடுக்கவில்லை என்று கேட்கத்தான் தோன்றும்.

மூன்றாம் டவுன்:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்த ஆய்வுக்கு மூளை கொடுத்தவை பெரும்பாலும் ஏற்கெனவே சந்தேகம் இருந்த குடும்பங்கள், அதனால் 110 என்பதை எல்லா வீரர்களுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் என் மகன் இந்த வருடம் அணியில் சேரக் கேட்டான், நீச்சல் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உடம்பு பற்றி இன்னொன்று. தாமஸ் ஓய்வு பெற்ற சில மாதங்களில் சுமார் 50 பவுண்டு குறைத்தார். படத்தைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. அதற்கு முன் எடை இறங்காமல் இருக்கப் பசியே இல்லாமல் தின்றுகொண்டிருக்க வேண்டும். சாப்பாடும் வேலை நேரம்தான். இதை யாரும் சம்பளக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்குப்பிள்ளை:
மருந்துப்பெட்டி சொன்னது நியாயம். வெப்ஸ்டரை வெற்றி பெற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அது என் வாதத்துக்குத்தானே பலம்? உடம்பை இவ்வளவு கொடுக்கப்போகிறவர் ஜனவரியில் ஒரு பிளேஆஃப் ஆட்டமாவது கிடைக்கும் இடத்தில் கொடுத்திருக்கலாம்.

புதுசு:
நேற்று இரவு ஒரு முழு ஆட்டம் பார்த்தேன், 73-ஐ மட்டும். முதல் கால் மணி நேரம் ஒன்றும் புரியவில்லை, இரண்டு பேர் தள்ளிக்கொள்கிறார்கள். அப்புறம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எதிரில் இருப்பவன் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுகிறான், இவர் தடுக்கக்கூட இல்லை, லேசாக ஒரு தள்ளு, அவன் தன் வேகத்திலேயே குவார்ட்டர்பேக்கைத் தாண்டிப் போய்விடுகிறான். மறுபக்கத்து டாக்கிள்தான் விட்டுவிட்டார், குவார்ட்டர்பேக் கீழே. 73 போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இதே மாதிரி மூன்று தடவை.

ஏரிக்கரை:
கணக்குப்பிள்ளை, கேட்டீர்களா?

கணக்குப்பிள்ளை:
கேட்டேன். அவர் தன் வேலையைச் செய்தார், மறுபக்கத்தில் இருந்தவர் செய்யவில்லை, மூன்று தடவை. இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்? 2015 டென்வர் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.