நின்றபடியே வேலை பார்ப்பவர்களின் காலடிக்கு எந்த மேட்? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

திருப்பூர், அயர்னிங் சூப்பர்வைசர்

வணக்கம். பனியன் கம்பெனியில் அயர்னிங், செக்கிங் இரண்டு பகுதியையும் பார்த்துக்கொள்கிறேன். அயர்ன் மாஸ்டர்கள் காலையில் டேபிள் முன்னால் நின்றால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நகர மாட்டார்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரியும் அப்படித்தான். தரை முழுக்க கான்கிரீட். செக்கிங்கில் இருக்கும் அக்காக்கள் பனியன் வேஸ்ட்டை நான்காக மடித்துக் காலடியில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். அது நழுவிக்கொண்டே இருக்கும், பஞ்சும் தூசியும் சேரும்.

சரக்கு வாங்கும் வெளிநாட்டு கம்பெனிகள் நடத்தும் சோதனையில், அதாவது பையர் ஆடிட்டில், ‘நின்று வேலை செய்கிறவர்களுக்கு மேட் எங்கே?’ என்று கேட்கத் தொடங்கியபின் இங்கே பல கம்பெனிகளில் மேட் வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் ஆடிட்டுக்காக வாங்கும் மேட் வேறு, காலுக்காக வாங்கும் மேட் வேறு. யோகா செய்ய விரிப்பதைப் போன்ற மெல்லிய ஃபோமை வெட்டிப் போட்டுவிட்டால் கணக்குக்கு மேட் இருக்கும், சாயங்காலம் கால் வலியும் இருக்கும். நின்ற இடம் மட்டும் சீக்கிரமே தட்டையாகிவிடும்.

மேட்டில் நின்றால் ஏன் வலி குறைகிறது என்று எங்கள் மாஸ்டர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிகிறது. காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது அந்தச் சதைதான். அசையாமல் நின்றால் அது சும்மா இருந்துவிடும். ரத்தம் கீழேயே தேங்கும், பாதம் வீங்கும், இறுகிப்போன சதை வலிக்கும். கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும் தளத்தில் நின்றால், நிலைகொள்வதற்காகக் கால் நமக்கே தெரியாமல் லேசாக அசைந்துகொண்டே இருக்கும். அந்தச் சின்ன அசைவில்தான் பலன் இருக்கிறது. அதனால் மெத்துமெத்தென்று இருக்கிறதே என்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தால் கடற்கரை மணலில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். விழாமல் நிற்பதற்கே சதை உழைத்துச் சோர்ந்துபோகும்.

நான் செய்கிற சோதனை எளிது. கடைக்காரரிடம் சாம்பிள் துண்டு கேட்பேன். எங்களில் எடை அதிகமான மாஸ்டரை அதன்மேல் ஒற்றைக் குதிகாலில் நிற்கச் சொல்வேன். அடியில் இருக்கும் கான்கிரீட் அவருடைய குதிகாலுக்குத் தட்டுப்பட்டால் அந்த மேட் வேண்டாம். இறங்கியபின் பள்ளம் சட்டென்று எழும்ப வேண்டும். தடம் அப்படியே நின்றால் அது நாள்பட உழைக்காது. 12 முதல் 20 மில்லிமீட்டர் கனம் எங்கள் வேலைக்குச் சரியாக இருக்கிறது. கனத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. அடர்த்தி இல்லாத 20 மில்லிமீட்டரை விட அடர்த்தியான 14 மில்லிமீட்டர் நன்றாக நிற்கிறது.

அயர்னிங்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துணியைக் கீழ்நோக்கி உறிஞ்சிப் பிடிக்கும் வாக்யூம் டேபிளுக்குக் கால் பெடல் உண்டு. மேட் போட்டதும் ஆள் ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்துவிடுகிறார், பெடல் பழைய உயரத்திலேயே இருக்கிறது. மேட் பெடலுக்கு அடியில் போய்விட்டால் பெடல் முழுசாக இறங்காது, வாக்யூம் சரியாக இழுக்காது. மாஸ்டர் மேட்டைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுவார். பெடல் இருக்கும் இடத்தை வெட்டிவிட்டு, தேவையென்றால் பெடலையும் உயர்த்திக் கொடுத்தால்தான் மேட் நிலைக்கும்.

மற்ற வேலைகளில் இருக்கிறவர்கள் என்ன பார்த்தீர்கள்? சொல்லுங்கள்.

கோவை, லேத் ஆபரேட்டர்

அண்ணா, நாங்கள் மேட் வருவதற்கு முன்னாலிருந்தே பலகையில் நிற்கிறவர்கள். பழைய பட்டறைகளில் லேத் முன்னால் மரச்சட்டம் அடித்த பலகை கட்டாயம் கிடக்கும். இடைவெளி விட்டு அடித்திருப்பதால், சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் கீழே போய்விடும், கடைசலில் சீவி வரும் உலோகப் பிசிறும் கீழே விழும். கான்கிரீட்டில் நிற்பதற்கு அது எவ்வளவோ தேவலை. ஆனால் ஓரம் தடுக்கும், எண்ணெய் ஊறினால் வழுக்கும்.

அப்புறம் ஒரு கம்பெனியில் சாம்பல் நிற ஸ்பாஞ்ச் மேட் போட்டார்கள். சூடான பிசிறு விழுந்த இடமெல்லாம் பொத்தல். கூலன்டும் எண்ணெயும் உள்ளே இறங்கி மேட் உப்பிக்கொண்டு வந்தது. சுருள் சுருளாக விழும் ஸ்டீல் பிசிறு ஃபோமில் குத்தி நின்றுவிடும், அதன்மேல் முட்டிபோட்டுக் கீழே எதையாவது எடுக்கப் போனால் அவ்வளவுதான்.

எங்கள் வேலைக்கு நைட்ரைல் ரப்பரில் ஓட்டை போட்டு வரும் மேட்தான் சரி. சாதாரண ரப்பர் எண்ணெயில் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும், நைட்ரைல் தாங்கும். ஆனால் ஓட்டை வழியாக விழுந்த பிசிறு அடியில் சேர்ந்து கூலன்டோடு கலந்து சேறாகிவிடும். ஷிப்ட் முடிவில் மேட்டைத் தூக்கிப் பெருக்க ஆள் இல்லையென்றால் அந்த மேட்டே ஆபத்து. வாங்கும்போதே இதை முதலாளியிடம் பேசிவிடுங்கள். வெல்டிங் பக்கம் என்றால் தீப்பொறி தாங்கும் என்று எழுத்தில் கொடுப்பதை மட்டும் வாங்குங்கள்.

மதுரை, ஹோட்டல் சமையலறை

லேத் தம்பி சொன்னது அப்படியே எங்களுக்கும் பொருந்தும், பிசிறுக்குப் பதில் மாவும் எண்ணெயும். பரோட்டாக் கல் முன்னால் நிற்கிற மாஸ்டருக்கு மேலே சூடு, கீழே வழுக்கல். காலுக்கு இதம் என்பதைவிட வழுக்காமல் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சமையலறையில் ஒருவர் கையில் கொதிக்கிற எண்ணெயோடு திரும்புவார், தரையைப் பார்த்து நடக்க அவருக்கு நேரமிருக்காது.

மேட்டை முழு நீளத்துக்கு ஒரே துண்டாக வாங்காதீர்கள். ஓட்டை ரப்பர் மேட் நல்ல எடை. மூன்றுக்கு ஐந்தடித் துண்டு என்றால் ஒரு ஆள் தூக்கலாம். தூக்க முடியாத மேட்டை யாரும் கழுவ மாட்டார்கள். எங்களிடம் கடை மூடியதும் துண்டுகளைப் பின்னால் கொண்டுபோய், சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்து, சுவரில் சாய்த்து நிறுத்திவிடுவார்கள். காலையில் காய்ந்திருக்கும். கழுவாமல் விட்டால் அடியில் கரப்பான் குடியேறிவிடும், புளித்த வாடை கல்லாப்பெட்டி வரைக்கும் வரும்.

சென்னை, ஜவுளிக்கடை பில்லிங்

அண்ணா, எங்கள் கடையில் பில்லிங் கவுன்டருக்கு மட்டும் மேட் போட்டார்கள். வித்தியாசம் நிஜமாகவே தெரிகிறது. முன்பெல்லாம் சாயங்காலம் கொலுசு இறுகிவிடும், அவ்வளவு வீக்கம். இப்போது அந்த அளவுக்கு இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேட் கொடுத்தாச்சு, இனி எதற்கு நாற்காலி என்று யாரும் பேசக் கூடாது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது, அங்கே பெண்கள் இதற்காகப் போராடினார்கள். எங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறது. கஸ்டமர் இல்லாத நேரத்தில் உட்காரலாம் என்கிறார்கள். ஆனால் ஃப்ளோர் மேனேஜர் முகத்தைப் பார்த்து எழுந்து நிற்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சேலை செக்ஷனில் இருக்கிற பிள்ளைகளுக்கு மேட்டும் இல்லை. அவர்கள் அலமாரிக்கும் கவுன்டருக்கும் நடந்துகொண்டே இருப்பதால் எங்கே போடுவது என்று கேட்கிறார்கள். அதற்கு என்ன வழி?

திண்டுக்கல், ஸ்பின்னிங் மில்

அக்கா கேட்டதேதான் எனக்கும். நான் சைடர், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினைப் பார்த்துக்கொள்கிற ஆள். ரிங் ஃபிரேமுக்கு நடுவில் ஷிப்ட் முழுக்க நடைதான். மேட் போட்டால் உதவுமா?

திருப்பூர், அயர்னிங் சூப்பர்வைசர்

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஓரிடத்தில் நிற்கிறவருக்குத்தான் மேட். நடக்கிறவருக்கு அந்த மெத்தை செருப்புக்குள் இருக்க வேண்டும், அதாவது நல்ல இன்சோல், குதிகாலைத் தாங்கும் ஷூ. மில்லில் டிராலி ஓடும் பாதையில் மேட் போட்டால் சக்கரம் புதையும், தள்ளுகிறவருக்கு முதுகு போய்விடும். நடக்கும் வழியில் துண்டு துண்டாக மேட் கிடப்பது தடுக்கி விழத்தான் உதவும். சேலை செக்ஷனில் அதிக நேரம் நின்று விரித்துக் காட்டும் இடம் ஒன்று இருக்குமே, அங்கே மட்டும் போடச் சொல்லுங்கள். ஓரம் சரிவாகச் சீவியிருக்க வேண்டும், ஓரத்தில் மஞ்சள் பட்டை இருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்டூல் விஷயத்தில் தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. தொழிற்சாலைகளுக்கும் 1948-ஆம் வருடச் சட்டத்தின் 44-வது பிரிவிலேயே, நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மேட் வந்ததைக் காட்டி இருக்கையை எடுத்துவிடுவது அநியாயம்.

ஓசூர், பராமரிப்பு எலக்ட்ரீஷியன்

எல்லாரும் காலைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் உயிரைப் பற்றிச் சொல்கிறேன். பேனல் போர்டு முன்னால் கிடக்கும் மேட் கால் வலிக்கானது இல்லை. அது மின்காப்பு மேட், ஐஎஸ் 15652 என்ற தர எண் அதில் இருக்கும். கனம் இரண்டு, இரண்டரை, மூன்று மில்லிமீட்டர்தான். மெல்லியதாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டு மெத்தென்ற ஃபோம் மேட்டை அங்கே விரித்த இடத்தை நானே பார்த்திருக்கிறேன். பார்த்த உடனே எடுக்கச் சொல்லிவிட்டேன். ஃபோம் மேட்டை எந்த வோல்ட்டேஜுக்கும் யாரும் சோதித்துக் கொடுப்பதில்லை. அதேபோல மின்காப்பு மேட்டை வாங்கி பேக்கிங் டேபிளில் போட்டால் காலுக்கு ஒரு சுகமும் இருக்காது.

எலக்ட்ரானிக்ஸ் லைன் என்றால் கதை இன்னும் வேறு. போர்டு அசெம்பிளியில் நிற்கிறவர்களுக்கு நிலைமின்சாரத்தை இறக்கிவிடும் ஈஎஸ்டி வகை மேட் வேண்டும். அதற்கு எர்த் வயர் இணைத்திருக்க வேண்டும், மீட்டர் வைத்து அளந்து பார்க்க வேண்டும். தரை துடைக்கிறவர் வயரைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் போவது அடிக்கடி நடக்கும். இணைப்பு விட்டுப்போனால் அந்த மேட் சும்மா ரப்பர்தான்.

சேலம், பிசியோதெரபிஸ்ட்

என்னிடம் வருகிறவர்களில் நின்று வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலித்தால் அது பாதத்தின் அடிச்சவ்வில் வரும் பிரச்சினையாக இருக்கலாம். மேட் அதன் பாரத்தைக் குறைக்கும், குணப்படுத்தாது. நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரிவதும் அப்படியே. அதற்கு டாக்டரைப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

மேட்டோடு சேர்த்து நான் எல்லாரிடமும் கேட்பது ஒரு சின்னக் கால்மனை. ஆறு அங்குலம் உயரம் போதும். ஒரு காலை அதன்மேல் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறு காலுக்கு மாற்றுங்கள், இடுப்பு நன்றாகத் தளரும். நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதும் கெண்டைக்காலுக்கு நல்லது. மேட் புதிதாகப் போட்ட முதல் சில நாள் சிலருக்குக் கால் வேறு மாதிரி வலிக்கும். பழகியபின்னும் போகவில்லையென்றால் அந்த மேட் உங்களுக்கு மெத்தென்று அதிகம்.

திருச்சி, சலூன்

எங்களுக்கு மேட் நாற்காலியைச் சுற்றி வர வேண்டும். அடித்தட்டு அளவுக்கு நடுவில் வட்டமாக வெட்டியே விற்கிறார்கள். சொரசொரப்பாக இருந்தால் முடி சிக்கிக்கொள்ளும், பெருக்க முடியாது. மேல்பக்கம் வழவழப்பாக இருப்பதை வாங்குங்கள். ஆனால் தண்ணீர் சொட்டினால் வழுக்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர், அயர்னிங் சூப்பர்வைசர்

எல்லாருக்கும் நன்றி. சேலம் சார் சொன்ன கால்மனையை அயர்ன் டேபிளின் அடிச்சட்டத்திலேயே குறுக்குப் பைப்பாக வைத்துக் கொடுக்க முடியும் என்று எங்கள் ஃபிட்டர் சொல்கிறார். பெடலுக்கு இடைஞ்சல் இல்லாமல் இடது பக்கமாக முதலில் ஒரு டேபிளுக்கு மட்டும் போடப்போகிறோம். இந்த வாரம் ஷிப்மென்ட் போனதும் வேலை ஆரம்பம். யாராவது ஏற்கெனவே இப்படி வைத்திருந்தால் பைப்பை எந்த உயரத்தில் வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.