மறுமொழி: லாக் ரோல் – ‘ஒருசேரப் புரட்டல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம். முதலுதவிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் இப்போது ‘லாக் ரோல்’ (log roll, ‘லாக்’ என்றால் மரக்கட்டை): கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கலாம் என்று தோன்றும் ஒருவரை, உடல் முறுக்கிக்கொள்ளாமல் பலர் சேர்ந்து ஒரே கட்டைபோலத் திருப்புவது. ‘ஒருசேரப் புரட்டல்’ என்பது என் பரிந்துரை. நீங்கள் சொன்ன மாற்றுச் சொற்களுக்கு என் பதில் இதோ.

> ‘கட்டையுருட்டல்’ என்றே வைத்துவிடலாமே?

பொருள் பளிச்சென்று தெரிகிறது, உண்மைதான். ஆனால் ‘கட்டை’ என்றால் நம் காதில் பிணமும் சேர்ந்தே விழும். அடிபட்டவர் நினைவோடு கிடக்கலாம். அவர் தலைமாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. உருட்டுவதும் பொருந்தவில்லை. உருட்டினால் பல சுற்று ஓடும். புரட்டினால் ஒரு முறை பக்கம் மாறும், அவ்வளவே.

> ‘ஒருக்களிப்பு’?

நல்ல சொல், எனக்கும் ஆசைதான். மல்லாந்து கிடப்பவர் வாந்தியெடுக்கும்போது கச்சிதமாகப் பொருந்தும். குப்புறக் கிடப்பவருக்கு மூச்சில்லை என்றால்? அவரை மல்லாத்தியாக வேண்டும். அதுவும் லாக் ரோல்தான், அங்கே ஒருக்களிப்புக்கு இடமில்லை.

செயலைக் கண்முன் நிறுத்திப் பார்ப்போம். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்கிறார். மற்றவர்கள் ஒரே பக்கமாக அமர்ந்து தோள், இடுப்பு, கால் என்று பிடிக்கிறார்கள். எண்ணுவது தலையைப் பிடித்திருப்பவர் மட்டுமே. அவர் எண்ணி முடித்ததும் தலை, மார்பு, இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் திரும்ப வேண்டும். தோள் முந்தி இடுப்பு பிந்தினால் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும். ஆகவே உடலுறுப்புகளும் சேர வேண்டும், உதவும் கைகளும் சேர வேண்டும். ‘ஒருசேர’ இரண்டையும் சொல்லிவிடுகிறது. ‘புரட்டு’ என்றால் பித்தலாட்டம் ஆயிற்றே என்பவர்களுக்கு: ‘புரட்டல்’ என்று எழுதினால் அந்தச் சாயல் பெரும்பாலும் போய்விடும்.

சொல்லுக்குள் ‘முதுகெலும்பு’ வர வேண்டாம் என்பதும் என் கட்சி. அதைக் கேட்டதும் எல்லாரும் முதுகைத்தான் நினைக்கிறார்கள். கழுத்தில் இருக்கும் 7 முள்ளெலும்புகளும் அதைச் சேர்ந்தவை என்பது மறந்துபோகிறது. தண்டுவடம் கழுத்தின் மேற்பகுதியில் அறுபட்டால் மூச்சே நின்றுவிடலாம்.

விளக்கக் குறிப்பில் ஒன்றைத் தவறாமல் சேர்க்க வேண்டும்: வாந்தி, மூச்சுத் தடை, நெருப்பு போன்ற உடனடி ஆபத்து இல்லையென்றால் புரட்டவே கூடாது. கிடந்த நிலையிலேயே அசையாமல் இருக்கச் சொல்லி, ஆம்புலன்ஸை அழைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் முதலுதவி. தனியாளாக இருந்து, அடிபட்டவருக்கு வாந்தியால் மூச்சு அடைக்கிறது என்றால், ஆள் சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கழுத்தை முடிந்தவரை தாங்கிக்கொண்டு உடனே பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மூச்சுதான் முதலில்.

பட்டியலில் அடுத்துள்ள ‘இம்மொபிலைசேஷன்’ (அடிபட்ட பகுதியை அசையாமல் வைப்பது) பற்றி: ‘முடக்கம்’ வேண்டவே வேண்டாம், பக்கவாதம் போல ஒலிக்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் விபத்துக் காயக் குழுவும் வேறு அமைப்புகளும் 2018இல் வெளியிட்ட கூட்டறிக்கை, முதுகெலும்பின் அசைவைக் கட்டுப்படுத்தல் என்று பொருள்படும் ‘ஸ்பைனல் மோஷன் ரிஸ்ட்ரிக்‌ஷன்’ என்ற தொடரையே விரும்புகிறது. அசைவை முற்றிலும் நிறுத்துவது நடக்கிற காரியமல்ல. ‘அசைவு மட்டுப்படுத்தல்’ என்றால் போதும்.

‘ஜா த்ரஸ்ட்’ (தலையைச் சாய்க்காமல் கீழ்த்தாடையை முன்னே தள்ளி மூச்சுவழியைத் திறப்பது) இன்னும் தீரவில்லை. ‘தாடை உயர்த்தல்’ எனக்கு உறுத்துகிறது. படிப்பவர் மோவாயைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்த்துவிடுவார், இந்த முறை தவிர்க்க நினைப்பதே அந்தச் சாய்வைத்தான். ‘தாடை முன்தள்ளல்’ என்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருக்கிறதா?