வனவிலங்கு மறுவாழ்வு மையத்தில் பயிற்சி: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். விலங்கியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதப் பயிற்சிக்குச் சேர்கிறேன். கூண்டு கழுவுவதும் தீனி நறுக்குவதும்தான் பாதி வேலை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சரி, அதில் வருத்தமில்லை.

பயம் வேறு. பள்ளியில் படிக்கும்போது, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு ஒன்றின் அலகைத் திறந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். சிறிது நேரத்தில் செத்துப்போனது. பறவைகளுக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருக்கும் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது என்னைப் போட்டிருப்பதும் குஞ்சுகளுக்கு ஊட்டும் பிரிவில்தான்! சின்னக் குஞ்சுகளுக்குப் பகல் முழுக்க அரை மணிக்கு ஒரு தடவையாவது ஊட்டவேண்டுமாம். கை நடுங்காமல் எப்படிப் பழகினீர்கள்?

மனிதரையே தாயாக நினைத்துவிட்ட குஞ்சைத் திரும்பக் காட்டில் விட முடியாது, அதனால் பேசவோ கொஞ்சவோ கூடாது என்கிறார்கள். நான் எறும்போடும் பேசுகிற ஆள். இதற்கு ஏதாவது வழி உண்டா?

அப்புறம் தடுப்பூசி. ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள, 7 நாள் இடைவெளியில் 2 தவணை போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. மையமோ 3 கேட்கிறது. உங்களிடம் எத்தனை கேட்டார்கள்?

பிழைக்காது என்று தெரிந்த விலங்கைக் கருணைக்கொலை செய்யும்போது உடன் இருந்தவர்கள், பொதுவில் எழுதத் தயக்கமாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.