இத்தாலியில் 13 நாள், 9 ஊர், ரெண்டு பேர்: ரயில் பாஸ் எடுக்கலாமா?

ஓசூர்_ஸ்பேனர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் நடுவுல நானும் என் காலேஜ் நண்பனும் இத்தாலி போறோம். நான் ஓசூர்ல வேலை பார்க்கிறேன். அவன் மியூனிக்ல எம்.எஸ். முடிச்சுட்டு அங்கேயே வேலைல சேர்ந்துட்டான். ஆறு வருஷமா வாட்ஸ்அப்லேயே போயிட்டு வந்துட்டு இருந்தோம், இப்பத்தான் விசா கைக்கு வந்திருக்கு.

போற ஊர்கள்: மிலான், வெரோனா, வெனிஸ், பொலோனா, ஃபுளோரன்ஸ், பைசா, சியனா, ரோம், நேப்பிள்ஸ். எல்லாமே ரயில்தான். முதுகுல ஆளுக்கு ஒரு பை. நான் மிலான்ல இறங்குறேன், அவன் அங்க வந்து சேர்ந்துக்குவான். திரும்புறதும் மிலான்ல இருந்துதான், ஆனா டிக்கெட்டை மாத்திக்கலாம்.

ரயில் பாஸ் எடுத்தா லாபமா? அவன் ஐரோப்பாவுல குடியிருக்கிறதால அவனுக்கு இன்டர்ரெயில், எனக்கு யூரெயில்னு வேற வேற பாஸ் காட்டுது. அப்புறம், அவன் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டான். நான் எது கிடைச்சாலும் சாப்பிடுவேன்.

கடைசியா ஒண்ணு, சிரிக்காதீங்க. நாங்க ரெண்டு பேரும் இதுக்கு முன்னாடி சேர்ந்து போன பெரிய பயணம்னா ஏற்காடு, ரெண்டு நாள். பதிமூணு நாள் ஒரே ரூம்ல இருந்தா சண்டை வராம இருக்க ஏதாவது வழி இருக்கா?

---

மலைக்கோட்டை_அக்கா:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் முக்கியம். சண்டை வரும். எந்த ஊர்ல வரணும்ங்கறதை மட்டும்தான் நீங்க முடிவு பண்ணலாம்.

நானும் என் தோழியும் 2023 அக்டோபர்ல போனோம். ரெண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டியாச்சு, பேங்க் உத்தியோகம், புருஷன் பிள்ளைகளை விட்டுட்டுக் கிளம்பினோம். எங்க லிஸ்ட்ல ஏழு ஊர். உங்களுக்கு ஒன்பது. எங்களுக்குச் சண்டை வந்த இடம் பொலோனா ஸ்டேஷன்.

வெரோனா வண்டிக்கு நின்னுட்டு இருந்தோம். போர்டுல பிளாட்பார நம்பர் பார்த்தோம், அந்த நம்பருக்குப் பக்கத்துல 'ஓவெஸ்ட்'னு ஒரு வார்த்தை இருந்ததைப் பார்க்கலை. ஓவெஸ்ட்னா மேற்கு. அந்த ஸ்டேஷன்ல அதே நம்பர்ல மேற்குப் பக்கம் தனியா ஒரு பிளாட்பாரம் இருக்கு. நாங்க இங்க நின்னோம், வண்டி அங்க இருந்து போயிடுச்சு. "நீதானே பார்த்தே", "நான் பையைப் பார்த்துட்டு இருந்தேன்"னு தொடங்கி, 1999ல ஹாஸ்டல்ல நான் திருப்பித் தராத ஒரு இஸ்திரிப் பெட்டி வரைக்கும் போச்சு.

அப்புறம் பேசாம போய் வெயிட்டிங் ரூம்ல ஆளுக்கொரு மூலையில உட்கார்ந்தோம். அதுக்குள்ள போகும்போது வெளியில சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், 10:25. ஆனா மணி மூணுக்கு மேல ஆகுது. சரி, நம்ம ஊர் மாதிரி இங்கேயும் ஸ்டேஷன் கடிகாரம் ஓடாது போலன்னு நினைச்சேன். உள்ளே பார்த்தா சுவர்ல ஆள் உயரத்துக்கு மேல ஒரு பிளவு, அதை அடைக்காம கண்ணாடி போட்டு வச்சிருக்காங்க. பக்கத்துல வரிசையா பேர்கள். 1980 ஆகஸ்ட் 2 காலையில இதே அறையில குண்டு வெடிச்சு 85 பேர் செத்திருக்காங்க. கடிகாரம் அந்த நேரத்துல நிறுத்தி வச்சது. பேருக்குப் பக்கத்துலேயே வயசும் இருக்கு. என் தோழி எழுந்து வந்து அதைப் படிச்சுட்டு, "வா, காபி குடிக்கலாம்"னா. அன்னைக்கு வெரோனா போகலை. லிஸ்ட்ல இருந்து மூணு ஊரை அங்கேயே அடிச்சோம்.

இனி கணக்கு. ஒவ்வொரு ஊர் மாறும்போதும் அரை நாள் காலி. காலையில ரூமைக் காலி பண்ணணும், ஸ்டேஷனுக்கு நடக்கணும், போய் இறங்கினா அடுத்த ரூமை மதியத்துக்கு மேலதான் கொடுப்பாங்க, அது வரைக்கும் பையைத் தூக்கிட்டுத் திரியணும். ஒன்பது ஊர்னா நாலு நாள் பையோடயே போயிடும்.

பாஸ் வேண்டாம், ரெண்டு பேருக்குமே. பாஸ் கையில இருந்தாலும் ஃப்ரெச்சாரோஸா மாதிரி வேக வண்டிக்குத் தனியா 10 யூரோவுக்கு மேல கட்டி இடம் பதியணும். இத்தாலோன்னு தனியார் வேக வண்டி ஒண்ணு இருக்கு, நாங்க போனப்ப அதுல பாஸே செல்லலை. ரெஜியோனாலேன்னு சொல்ற சாதா வண்டிக்குத் தூரத்தை வச்சு விலை, இன்னைக்கு வாங்கினாலும் ரெண்டு மாசம் முன்னாடி வாங்கினாலும் ஒரே விலைதான். ஃபுளோரன்ஸ்–பைசா ஒரு மணி நேரம், எங்களுக்கு ஆளுக்குச் சுமார் 9 யூரோ ஆச்சு. அதனால தூரமான ரெண்டு மூணு ஓட்டத்துக்கு மட்டும் வேக வண்டி டிக்கெட்டை இப்பவே வாங்கிடுங்க, சீக்கிரம் வாங்கினா மலிவு. ஆனா அந்த மலிவு டிக்கெட்டுல வண்டியைத் தவற விட்டா காசு போச்சு. மத்ததெல்லாம் அங்க போய் வாங்கிக்கலாம்.

சாதா வண்டியில ஒரு கண்ணி இருக்கு. காகித டிக்கெட்டை ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்துல இருக்கிற சின்ன மெஷின்ல சொருகி முத்திரை போடணும். போன்ல வாங்கினா அன்னைக்கு ஏறுறதுக்கு முன்னாடி 'செக்-இன்' அழுத்தணும். டிக்கெட் கையில இருந்தும் அபராதம் கட்டின ஆளுங்களை எங்க பெட்டியிலேயே பார்த்தோம். இன்னொண்ணு, போர்டுல ஃபுளோரன்ஸ்னு தேடாதீங்க, ஃபிரென்ஸேன்னு இருக்கும். அதுவும் கடைசி ஊர் பேர்தான் பெரிசா போட்டிருக்கும். ரோம்ல ஏறி ஃபுளோரன்ஸ்ல இறங்கப் போறீங்க, வண்டி மிலானுக்கோ வெனிஸுக்கோ போறதா இருக்கும். வண்டி நம்பரைப் பாருங்க, ஊரைப் பார்க்காதீங்க.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். நேப்பிள்ஸோட நிறுத்தாதீங்க. வடக்குல ரெண்டு ஊரை வெட்டிட்டு ரோம்ல இருந்து பலெர்மோவுக்கு ராத்திரி வண்டி ஏறுங்க. சுமார் 12 மணி நேரம், நாலு பேர் படுக்கிற கூபே. காலையில வில்லா சான் ஜியோவன்னின்னு ஒரு ஊர்ல வண்டி நிக்கும். நிலம் அங்க முடியுது, எதிர்ல கடல், அந்தப் பக்கம் சிசிலி. வண்டியைத் துண்டு துண்டா கழட்டி, இன்ஜின் பின்னாடியிருந்து தள்ளி, கப்பல் வயித்துக்குள்ள இருக்கிற தண்டவாளத்துல ஏத்துறாங்க! பெட்டியில படுத்திருக்கோம், ஜன்னல் வழியா வெளியே பார்த்தா இரும்புச் சுவர். இறங்கிப் படியேறி மேல் தளத்துக்குப் போயிடலாம். காத்து பிச்சுக்கிட்டுப் போகுது, மெஸ்ஸினா துறைமுக வாசல்ல உயரமான தூண் மேல மாதா சிலை. கடல் தாண்டறது அரை மணி நேரம்தான், கழட்டி மாட்டற வேலைதான் அதைவிட ஜாஸ்தி. கடுப்பாகாதீங்க, அதுதான் வேடிக்கையே.

எங்க தாத்தா கொழும்புல ஒரு கடையில கணக்கு எழுதினவர். போட் மெயில்ல தனுஷ்கோடி போய், இறங்கிக் கப்பல் ஏறி, தலைமன்னார்ல மறுபடி ரயில் ஏறுவாராம். '64 புயலோட அதெல்லாம் போச்சு. கப்பல் தளத்துல நின்னப்ப, ரயிலே கப்பல் ஏறுதுன்னு சொன்னா அவர் நம்பியிருப்பாரான்னு யோசிச்சுட்டு இருந்தேன். தோழி அதுக்குள்ள கீழே போய் ரெண்டு அரன்சினி (பொரிச்ச சோத்து உருண்டை) வாங்கிட்டு வந்துட்டா.

சண்டைக்கு எங்களுக்கு உதவினது ரெண்டு விஷயம். ஆளுக்கு 100 யூரோ போட்டு ஒரு பொதுப் பர்ஸ். காபி, பஸ், தண்ணி எல்லாம் அதுலேருந்து, யார் கொடுத்தாங்கன்னு பேச்சே கிடையாது. இன்னொண்ணு, பொலோனாவுக்கு அப்புறம் தினம் காலையில பிரிஞ்சுடுவோம். ஃபுளோரன்ஸ்ல நான் உஃபிஸி மியூசியத்துல ஓவியம் பார்த்துட்டு இருந்தப்ப அவ சான் லொரென்ஸோ சந்தையில தோல் பை பேரம் பேசிட்டு இருந்தா. ஒரு மணிக்குச் சந்திச்சா பேச விஷயம் இருந்துச்சு. (உஃபிஸி திங்கட்கிழமை லீவு, பார்த்து வச்சுக்குங்க.)

---

ஓடுகாலி82:

அக்கா சொல்றதுல பாதிக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ஊரை வெட்ட வேண்டாம், ரூம் மாத்துறதை வெட்டுங்க. நான் பொலோனாவுல அஞ்சு ராத்திரி ஒரே ரூம். பையை அங்க போட்டுட்டு வெறுங்கையோட மோடனா, ஃபெர்ராரா, ரவென்னா, வெரோனான்னு காலையில போய் சாயங்காலம் திரும்பினேன். மோடனா அரை மணி நேரம்கூட இல்லை. வேக வண்டின்னா ஃபுளோரன்ஸே 40 நிமிஷம்தான். ராத்திரி திரும்பினா மழை பெய்ஞ்சாலும் நனையாம ரூமுக்கு நடக்கலாம், ஊர் பூரா தூண் வச்ச தாழ்வாரம். சான் லூக்கா கோயில் வரைக்கும் மலையேறிப் போற தாழ்வாரத்துக்கு மட்டும் 666 வளைவுன்னு கணக்கு.

அப்புறம் உங்க நண்பர் மியூனிக்ல இருந்து எதுக்கு மிலான் வரணும்? மியூனிக்–வெரோனா நேர் வண்டி இருக்கு, ஆல்ப்ஸ் நடுவுல வரும். வெரோனாவுலேயே சேருங்க.

வேலைநிறுத்தம் நடக்கும். ஷோபெரோன்னு போர்டுல வந்தா பதறாதீங்க, வேலை நாள்ல காலை 6–9, சாயங்காலம் 6–9 சாதா வண்டிகள் ஓடியே ஆகணும்னு விதி.

---

பலெர்மோ_கோச்சி:

நான் யாழ்ப்பாணம், இஞ்சை பலெர்மோவிலை முப்பது வருசத்துக்குக் கிட்ட இருக்கிறன். அக்கா எங்கடை ஊருக்கு வரச் சொன்னது சந்தோசம். ரயிலை நாங்கள் ஊரிலை கோச்சி எண்டுதான் சொல்லுறது, அதான் இந்தப் பேர்.

தம்பி, கப்பலுக்குள்ளை இறங்கிப் போனால் உங்கடை பெட்டி நம்பரைப் படம் எடுத்து வச்சுக்கொள்ளுங்கோ. சில வண்டியிலை பாதிப் பெட்டி பலெர்மோவுக்கு, மற்றப் பாதி சிரகூசாவுக்கு. திரும்பி வந்து பிழையான பக்கம் ஏறினால் தீவின்ரை மற்றக் கரையிலை நிப்பியள்.

சைவச் சாப்பாட்டுக்கு யோசிக்காதேங்கோ. பானெல்லே எண்டு கடலைமாவிலை பொரிச்சு பாணுக்குள்ளை வச்சுத் தருவினம். எங்கடை பஜ்ஜிக்குச் சொந்தக்காரன் மாதிரி. பீட்சா எண்டால் மரினாரா கேளுங்கோ, சீஸே இல்லை. பார்மெசான் சீஸ் செய்யக் கன்றுக்குட்டியின்ரை வயித்திலை இருந்து எடுக்கிற உறையைப் போடுறவை, நண்பர் கண்டிப்பான சைவம் எண்டால் அதைச் சொல்லி வையுங்கோ. பல்லாரோ சந்தையிலை எங்கடை ஆக்களின்ரை கடையள் இருக்கு, கறித்தூளும் வாங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நிண்டால் மொன்தே பெல்லக்ரீனோ மலைக்குப் போங்கோ. சாந்தா ரொசாலியா எண்ட புனிதரின்ரை குகைக் கோயில். 1624இலை கொள்ளைநோய் வந்தபோது அவவின்ரை எலும்பைக் கண்டெடுத்து ஊரைச் சுத்திக் கொண்டுபோக நோய் நிண்டது எண்டு இந்த ஊர்ச் சனம் நம்புது. எங்கடை ஆக்கள், சைவ சமயத்தவரும்தான், கிழமை தவறாமல் மலை ஏறுறவை. நேத்தி வைப்பினம், மெழுகுதிரி கொளுத்துவினம். குகைக் கூரையிலை இருந்து தண்ணி சொட்டும், அதைப் பிடிக்கத் தகரப் பீலியள் போட்டிருக்கு. எங்கடை மனிசி அந்தத் தண்ணியை எடுத்து நெத்தியிலை பூசிப்போட்டுத்தான் வெளியிலை வருவா.

---

ஓசூர்_ஸ்பேனர்:

மூணு பேருக்கும் நன்றி. நேத்து ராத்திரி அவனோட ஒன்றரை மணி நேரம் பேசினேன் (பைசா வேணுமா வேணாமான்னு அதுக்குள்ளயே சண்டை). இப்ப இப்படி: வெரோனாவுல சேர்ந்து அன்னைக்கு ராத்திரியே பொலோனா, அங்க நாலு ராத்திரி. ஃபுளோரன்ஸ் ரெண்டு, ரோம் மூணு, கப்பல் ரயில்ல ஒரு ராத்திரி, பலெர்மோவுல மிச்சம். அங்கேருந்து மிலானுக்கு ஃபிளைட். வெனிஸ் பொலோனாவுல இருந்து ஒரு நாள் போயிட்டு வருவோம். பைசாவை அவன் எனக்காக விட்டுக் கொடுத்தான், பதிலுக்கு நான் நேப்பிள்ஸை விட்டுட்டேன்.

ராத்திரி வண்டியில பை பத்திரமா இருக்குமா? எங்க வைக்கிறது?

---

மலைக்கோட்டை_அக்கா:

பாஸ்போர்ட்டும் பொதுப் பர்ஸும் இடுப்புல, பையைத் தலைமாட்டுல வச்சு வாரை ஒரு கையில சுத்திக்குங்க. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு. மேல் பெர்த்தை நீங்க எடுங்க, அவர் கீழ் பெர்த்துக்குத்தான் ஆசைப்படுவார்.

வெனிஸுக்கு டிக்கெட் எடுக்கும்போது வெனேஸியா சாந்தா லூச்சியான்னு எடுங்க, மேஸ்த்ரே வேண்டாம், அது கடலுக்கு இந்தப் பக்கம். முக்கியமா, வில்லா சான் ஜியோவன்னி வர்ற நேரத்துக்கு ரெண்டு போன்லயும் அலாரம் வையுங்க. நான் எழுப்பி எழுப்பி என் தோழி எழுந்ததே வண்டி பாதி கப்பலுக்குள்ள போனதுக்கு அப்புறம்தான். இன்னைக்கு வரைக்கும் நான் சரியா எழுப்பலைன்னுதான் சொல்லிட்டு இருக்கா.